சிடி11ஏ அளவு ஏறவே இல்லை, செல் மட்டும் எப்படி ஒட்டுகிறது?

பிப்பெட் பாண்டி:
எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர், ப்ராஜெக்ட் ஜூர்காட் செல்லில் (லேபில் வளர்க்கும் ஒரு டி செல் வகை). 96 குழித் தட்டில் ஐகேம்-1 (டி செல் பிடித்துக்கொள்ளும் புரதம்) பூசி, மேலே செல்லை விட்டு, கழுவிய பிறகு எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறேன். சும்மா விட்ட செல் முதல் கழுவலிலேயே போய்விடுகிறது, பிஎம்ஏ (செல்லைத் தூண்டும் ரசாயனம்) போட்டால் அட்டை மாதிரிப் பிடித்துக்கொள்கிறது. சரி, மேற்பரப்பில் எல்எஃப்ஏ-1 (ஐகேம்-1-ஐப் பிடிக்கும் புரதம், சிடி11ஏ, சிடி18 என்று இரண்டு சங்கிலி) கூடியிருக்கும் என்று ஃப்ளோவில் (செல் மேலுள்ள புரதத்தை ஆன்டிபாடியால் அளக்கும் கருவி) சிடி11ஏ பார்த்தால், போட்டதும் போடாததும் ஒன்றன்மேல் ஒன்றாக அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. மூன்று முறை செய்தாயிற்று. இன்னொரு தலைவலி, பிஎம்ஏ-வுக்குப் பதிலாக ஓகேடி3-யும் (டி செல் ரிசெப்டரைத் தூண்டும் ஆன்டிபாடி) இரண்டாம் ஆன்டிபாடியும் போட்டு ஒரு மணி நேரம் வைத்தால் ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஆன்டிபாடி கெட்டுப்போயிருக்கும், புதிதாக வாங்கு என்கிறார்கள் லேபில். பட்ஜெட் இல்லை. என்ன தப்பு செய்கிறேன்?

பழைய போஸ்ட்டாக்:
தம்பி, ஆன்டிபாடியைத் தூக்கிப் போட்டுவிடாதே, உன் ரிசல்ட் சரிதான். எல்எஃப்ஏ-1 செல்லின் மேலே முன்பே நிறைய இருக்கிறது, ஆனால் முழங்காலை மடித்துத் தலையைச் சவ்வின் பக்கம் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. உள்ளே இருந்து சிக்னல் வந்து, ராப்1 வழியாக டாலினும் கின்ட்லின்-3-உம் (மூன்றும் செல்லுக்குள் இருக்கும் புரதங்கள்) பீட்டா சங்கிலியின், அதாவது சிடி18-இன், வாலைப் பிடித்ததும், இரண்டு காலும் விலகி, மூலக்கூறு நிமிர்ந்து, தலை திறக்கிறது. அப்போது ஐகேம்-1 மீதான பிடிப்பு ஆயிரம் மடங்குக்கு மேல் கூடுகிறது, எண்ணிக்கையோ அப்படியே இருக்கிறது. சாதாரண சிடி11ஏ ஆன்டிபாடிக்கு மடங்கியதும் திறந்ததும் ஒன்றுதான், அது எத்தனை இருக்கிறது என்று மட்டும்தான் எண்ணும். உனக்கு வேண்டியது எம்ஏபி24 (தலை திறந்தால் மட்டும் பிடிக்கும்) அல்லது கிம்127 (நிமிர்ந்தால் பிடிக்கும்). அதையும் ஐஸில் வைத்துப் போடாதே, தூண்டும்போதே 37 டிகிரியில் சேர்த்து விடு.

ஒரு மணி நேர விஷயம்: டஸ்டினும் ஸ்பிரிங்கரும் 1989-லேயே காட்டியது. டி செல் ரிசெப்டர் வழியாகத் தூண்டினால் ஒட்டும் தன்மை சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கிவிடும். பிஎம்ஏ ரிசெப்டரைத் தொடாமல் நேராக உள்ளே இருக்கும் பிகேசி என்ற என்சைமைப் போய்த் தட்டுவதால் பிடி விடாமல் நிற்கிறது. நீ பஸ் போன பிறகு ஸ்டாப்பில் நிற்கிறாய், அவ்வளவுதான். 5, 10, 20 நிமிடம் என்று எடுத்துப் பார்.

அப்புறம், ஸ்டெயின் பண்ணும் பஃபரில் ஈடிடிஏ இருக்கிறதா?

பிப்பெட் பாண்டி:
இருக்கிறது அண்ணா, 2 மில்லிமோலார். கட்டி சேராமல் இருக்க எங்கள் லேபில் ஸ்டெயின் பண்ணும் எல்லாவற்றுக்கும் அதுதான்.

பழைய போஸ்ட்டாக்:
நினைத்தேன். ஐகேம்-1 பிடிக்கும் இடத்தில் ஒரு மக்னீசியம் அயனி உட்கார்ந்தால்தான் பிடியே. ஈடிடிஏ அதைப் பிடுங்கிவிடும், அந்தப் பஃபரில் எம்ஏபி24 போட்டாலும் ஒன்றும் தெரியாது, நான் இப்படியே இரண்டு மாதம் வீணாக்கியவன். கால்சியம் இல்லாத பஃபரில் 1 மில்லிமோலார் மாங்கனீஸ் போட்டு ஒரு குழி வை. அது வெளியிலிருந்தே திறந்துவிடும், அதுகூட ஒட்டவில்லை என்றால்தான் ஐகேம் பூச்சைச் சந்தேகப்படலாம்.

குழந்தை டாக்டர்:
இந்த விஷயத்தை நாங்கள் வார்டில் வேறு விதமாகப் பார்க்கிறோம். மூன்று வாரம் தாண்டியும் தொப்புள்கொடி விழாத குழந்தை, நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளையணு) எண்ணிக்கை எக்கச்சக்கம், ஆனால் புண்ணில் ஒரு சொட்டுச் சீழ் கிடையாது. செல் ரத்தத்தில் சுற்றுகிறதே தவிர, குழாய்ச் சுவரைப் பிடித்து நின்று வெளியே இறங்க முடியவில்லை. சிடி18 மரபணுவில் கோளாறு, லேட்-1 (வெள்ளையணு ஒட்டாத பிறவி நோய்) என்போம், ஃப்ளோவில் சிடி18 குறைந்திருப்பதே காட்டிக்கொடுத்துவிடும். தாய்மாமன், அத்தை மகன் என்று உறவுக்குள் கட்டிக்கொடுக்கும் நம் ஊரில் இதைக் கட்டாயம் நினைக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு பிரதியும் கெட்டால்தான் நோய் வரும். ஆனால் லேட்-3 என்று ஒன்று இருக்கிறது, அதில் கின்ட்லின்-3 இல்லை. சிடி18 மேலே இருக்கும், ரிப்போர்ட் நார்மல் என்று வந்துவிடும், குழந்தைக்கோ தொற்று நிற்காது. பிளேட்லெட்டின் இன்டெக்ரினும் (எல்எஃப்ஏ-1 குடும்பத்துப் புரதம்) திறக்காததால் ரத்தக்கசிவு வேறு. பாண்டி, உங்கள் கிராஃப் மாதிரியேதான், அளவு சரி, வேலை இல்லை.

சந்தேகப் பிராணி:
எல்லாம் சரி, இந்த எல்எஃப்ஏ-1 பசைதானே? செல்லை ஆக்டிவேட் செய்வது டி செல் ரிசெப்டர், இதற்கு ஏன் இவ்வளவு மரியாதை?

பழைய போஸ்ட்டாக்:
பசை மட்டும் என்றால் ரிசெப்டரைச் சுற்றி வளையம் கட்டி நிற்காது. குப்ஃபர் குழு 1998-ல் காட்டிய படத்தில் நடுவில் டி செல் ரிசெப்டர், வெளியே எல்எஃப்ஏ-1 வளையம். ஐகேம்-1-ஐப் பிடித்ததும் அது உள்ளேயும் சிக்னல் அனுப்புகிறது, அதனால் குறைந்த ஆன்டிஜெனுக்கே செல் விழித்துக்கொள்கிறது. சொரியாசிஸுக்கு இதே சிடி11ஏ-வை அடைத்த எஃபலிசுமாப் என்ற மருந்தை, மூளையில் ஜேசி வைரஸ் தலைதூக்கிப் பிஎம்எல் என்ற மூளை நோய் வந்ததால் 2009-ல் திரும்பப் பெற்றார்கள். வெறும் பசை என்று ஒதுக்க முடியுமா?

பிப்பெட் பாண்டி:
அப்டேட். ஈடிடிஏ இல்லாமல், மக்னீசியம் சேர்த்து, 10 நிமிடத்தில் எடுத்தேன், ஓகேடி3 குழி கழுவிய பிறகும் நிறைந்திருந்தது! 60 நிமிடக் குழி பழையபடி காலி. மாங்கனீஸ் குழியும் ஒட்டியது. எம்ஏபி24 பக்கத்து டிபார்ட்மென்டில் 20 மைக்ரோலிட்டர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், திங்கள்கிழமை போடுகிறேன். ஈடிடிஏ இல்லாததால் செல் கட்டி கட்டியாகச் சேர்கிறது, 40 மைக்ரான் வலையில் வடிகட்டினால் போதுமா அண்ணா?