புதிய ஒட்சிசன் சென்சர் போட்டும் பி0131 திரும்ப வருகிறது (அல்ட்டோ 800, திருகோணமலை)

உப்புவெளி ரீச்சர்:

வணக்கம். கார் 2015 சுசுகி அல்ட்டோ 800, மனுவல் கியர். உப்புவெளியிலிருந்து குச்சவெளிக்குப் பாடசாலைக்குப் போய் வருகிறேன். அந்த வீதியை அறிந்தவர்களுக்குத் தெரியும், கடல் உப்பும் உப்பளத்து உப்பும் சேர்ந்து காரைத் தின்னும்.

வாடைக் காற்று தொடங்கியதிலிருந்து கார் பெற்றோலைக் குடிக்கிறது. லீற்றருக்கு 18 கிலோமீற்றர் ஓடியது இப்போது 12, 13தான் ஓடுகிறது. பின்குழாயின் வாய் முழுக்கக் கரி. காலையில் ஸ்டார்ட் செய்தால் மணம் வீட்டுக்குள் வருகிறது, அம்மா எழும்பிப் போய் அடுப்படியில் காஸ் கசிகிறதா என்று பார்க்கிறார். எஞ்சின் விளக்கும் எரிந்தது. டவுனில் ஒரு கராஜில் ஸ்கேன் செய்து, பி0131 என்ற பிழைக் குறியீடு, முன் ஒட்சிசன் சென்சரின் வோல்ட் குறைவு, சென்சர் போய்விட்டது என்றார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பித்துப் புதியது போட்டு விளக்கை அழித்தார்கள். அடுத்த நாள் இறக்கக்கண்டிப் பாலம் தாண்டுவதற்குள் மறுபடி எரிந்தது. இப்போது அதே கராஜ் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்பியூட்டர் பெட்டியை மாற்ற வேண்டும் என்கிறது. விலையைக் கேட்டதும் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் படிப்பிப்பது இரசாயனவியல். இந்தச் சென்சர் ஒரு செறிவுக் கலம் என்பது விளங்குகிறது: நடுவில் சேர்க்கோனியா என்ற பீங்கான், ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. புகையில் ஒட்சிசன் இல்லாமல் போனால் 0.9 வோல்ட் அளவுக்கு ஏறும், ஒட்சிசன் மிஞ்சினால் 0.1 அளவுக்கு இறங்கும். விளங்காதது என்னவென்றால், வோல்ட் குறைவு என்பது பெற்றோல் பற்றாது என்பதற்கான அடையாளம். பெற்றோல் பற்றாத கார் எப்படி இவ்வளவு குடித்துக் கரி கக்கும்?

தம்பியின் புளூடூத் ஸ்கேனரைக் கொழுவி, எஞ்சின் சூடேறிய பிறகு போனில் பார்த்தவை:

ஐட்லில் வோல்ட் 0.05க்கும் 0.15க்கும் இடையில் கிடக்கிறது, ஏறுவதே இல்லை. ஷோர்ட் ட்ரிம் (கம்பியூட்டர் அந்தந்த நேரம் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் வீதம்) +14, லோங் ட்ரிம் (நாளடைவில் பழகிக்கொண்ட வீதம்) +22.

2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் 0.1க்கும் 0.8க்கும் இடையில் ஏறி இறங்குகிறது. ஷோர்ட் ட்ரிம் பூச்சியத்தைச் சுற்றி, லோங் ட்ரிம் +6.

மூன்று ஸ்பார்க் பிளக்கும் ஒரே மாதிரிக் கறுப்பு. உதறல் இல்லை. வருமான உத்தரவுப்பத்திரம் புதுப்பிக்கும் திகதி வருகிறது, இந்தப் புகையோடு எமிஷன் டெஸ்டுக்குப் போக முடியாது. பெட்டியை மாற்றத்தான் வேண்டுமா?

பச்சை வேகன்:

ரீச்சர், பஞ்சிகாவத்தையில் வாங்கியது ஒரிஜினலா? பெட்டியில் பெயர் அடித்திருந்தால் மட்டும் ஒரிஜினல் ஆகிவிடாது. எனக்கும் ஒரு போலி மாட்டியது, சில வாரங்களில் செத்தது. ஏஜெண்டிடமே வாங்கிப் போடுங்கள். அதுவரை சென்சரின் பிளக்கைக் கழற்றிவிட்டு ஓடுங்கள், குடி கொஞ்சம் குறையும்.

சீனக்குடா பழைய ஸ்பனர்:

ரீச்சர், பெட்டியில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். மூன்றாவது சென்சரும் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் கேட்ட கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது.

கம்பியூட்டர் சென்சர் சொல்வதைத்தான் நம்பும். ஒட்சிசன் மிச்சம் இருக்கிறது என்று சென்சர் சொன்னால் பெற்றோலைக் கூட்டும். லோங் ட்ரிம் +22 என்றால் தன் வழக்கமான கணக்குக்கு மேலே 22 வீதம் கூட ஊற்றுகிறது. பத்துக்குள் இருந்தால் நான் திரும்பிப் பார்க்கமாட்டேன், இது பெரிய எண். உண்மையிலேயே பெற்றோல் பற்றாக்குறை என்றால் பிளக் வெளிறி இருக்கும். உங்களுடையது கறுப்பு. ஆக எஞ்சினுக்குள் பெற்றோல் கூட, சென்சர் இருக்கும் இடத்தில் ஒட்சிசனும் கூட. இரண்டும் ஒன்றாக இருப்பதற்கு வழிகள் குறைவு.

முதல் வழி, ஒரு சிலிண்டர் எரியாமல் விடுவது. அப்போது எரியாத பெற்றோலும் செலவாகாத ஒட்சிசனும் சேர்ந்தே வெளியே போகும், சென்சர் ஒட்சிசனை மட்டும் காணும். ஆனால் மூன்று சிலிண்டர் காரில் ஒன்று விட்டால் ஸ்டியரிங்கைப் பிடித்த கையிலேயே தெரியும், பிளக்கிலும் ஒன்று மட்டும் வேறாக இருக்கும். உங்களுக்கு மூன்றும் ஒரே கறுப்பு, உதறலும் இல்லை. அதை விடுவோம்.

மற்ற வழி, எஞ்சினிலிருந்து புகை வரும் பாதையில் சென்சருக்கு முன்னால் எங்கேயோ கசிவு. புகை வெளியே வருகிற ஓட்டையால் காற்று எப்படி உள்ளே போகும் என்று கேட்பீர்கள். புகை ஒரே ஓட்டமாக வருவதில்லை, வால்வு திறக்கும்போதெல்லாம் தட்டித் தட்டி வருகிறது. ஒரு தட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையில் குழாய்க்குள் அமுக்கம் வெளியை விடக் கீழே போகும், அந்த நேரம் ஓட்டை காற்றை உறிஞ்சும். ஐட்லில் இடைவெளி நீளம், புகையும் கொஞ்சம், அதனால் உறிஞ்சிய காற்று சென்சருக்குப் பெரிதாகத் தெரியும். 2500இல் புகை அடித்துக்கொண்டு வரும், கலந்த காற்று ஒரு பொருட்டாக இராது. உங்கள் எண்கள் அதைத்தான் சொல்கின்றன.

ஐட்லில் மட்டும் ட்ரிம் கூடினால் இன்லெட் பக்கம் காற்று இழுக்கிறது என்று யாராவது வந்து சொல்வார்கள். உள்ளே போகும் காற்றை நேரே அளக்கிற சென்சர் உள்ள கார்களில் அது சரி. அல்ட்டோவில் இன்லெட் மெனிபோல்டின் (காற்றை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் குழாய்த்தொகுதி) அமுக்கத்தைப் பார்த்துத்தான் கணக்கு. அங்கே ஓட்டை விழுந்தால் அமுக்கம் ஏறும், கம்பியூட்டர் அதைக் கண்டு தானாகவே பெற்றோலைக் கூட்டிவிடும். ஐட்ல்தான் உயரும், ட்ரிம் இவ்வளவு தூரம் ஓடாது.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். இந்தச் சென்சர் 300 பாகை அளவுக்குச் சூடேறினால்தான் ஒழுங்காக வேலை செய்யும், அதற்கு உள்ளே ஒரு ஹீற்றர் இருக்கிறது. ஹீற்றருக்குக் கரண்ட் வராவிட்டால் ஐட்லில் ஆறிப்போய்ப் படுத்துவிடும், ரேஸ் பண்ணினால் புகையின் சூட்டில் எழும்பும். உங்கள் எண்களுக்கு இதுவும் பொருந்துகிறது. புதுச் சென்சருக்கும் அதே பழைய வயர்தானே கரண்ட் கொண்டுவருகிறது. வழக்கமாக ஹீற்றருக்குரிய பிழைக் குறியீடு பி0135 வந்திருக்க வேண்டும், இருந்தாலும் பார்த்துவிடுங்கள். சென்சரின் வயர் பிளக்கைக் கழற்றி, சென்சர் பக்கத்தில் ஒரே நிறமாக இருக்கும் இரண்டு வயருக்கும் இடையில் ஓம் அளவுங்கள். சில ஓமிலிருந்து பதினைந்து வரை எது காட்டினாலும் பரவாயில்லை, ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது. கார் பக்கத்தில் எஞ்சின் ஓடும்போது பற்றரி வோல்ட் வர வேண்டும்.

அப்புறம் சென்சர் உண்மை பேசுகிறதா என்று ஓடிப் பாருங்கள். போனைத் தம்பி வைத்திருக்கட்டும், நீங்கள் பார்க்க வேண்டாம். வெறும் வீதியில், மூன்றாம் கியரில் 60 அளவில் போகும்போது அக்சிலேற்றரை முழுதாக விடுங்கள். பெற்றோல் வெட்டுப்படும், வோல்ட் பூச்சியத்துக்கு விழ வேண்டும். பிறகு அடிவரை மிதியுங்கள், உடனே 0.8 பக்கம் ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் சென்சருக்குக் குறையில்லை. தனக்கு முன்னால் இருப்பதைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

கசிவைக் கண்டுபிடிக்கக் காலை நேரம்தான் நல்லது. எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது பொனெற்றைத் திறந்து வைத்து ஒருவர் ஸ்டார்ட் செய்யட்டும், மற்றவர் காதைக் கொடுக்கட்டும். எக்ஸோஸ்ட் மெனிபோல்ட் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்த்தொகுதி) பக்கம் டிக் டிக் என்று கேட்டு, சூடேறச் சூடேறச் சத்தம் குறைந்தால் அதுதான். இரும்பு விரிந்து இடைவெளியை மூடிவிடும். கராஜில் யாருக்கும் கேட்காததற்குக் காரணமும் அதுதான், அங்கே கார் சூடாகத்தானே போய் நிற்கிறது.

இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, வெக்குவம் கிளீனரின் காற்று ஊதும் பக்கத்தைப் பின்குழாயில் துணி சுற்றிச் செருகுங்கள். மெனிபோல்டின் பொருத்துகளில் சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்தால் கசியும் இடத்தில் நுரை கிளம்பும்.

பச்சை வேகன் தம்பிக்கு: சென்சரின் பிளக்கைக் கழற்றி ஓடுவது ஒரு நாள் சோதனைக்குச் சரி. மணம் குறைந்தால் கம்பியூட்டர் ஏமாற்றப்பட்டிருக்கிறது என்று தெரியும். மாதக்கணக்கில் ஓடுவதற்கு அது மருந்தில்லை.

கிண்ணியா வேன்காரன்:

பழைய ஸ்பனர் நானா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நம்முடைய கரைப் பக்கத்தில் மெனிபோல்ட் ஸ்டட்தான் (மெனிபோல்டை எஞ்சின் ஹெட்டோடு பிடித்திருக்கும் திருகாணி) முதலில் போகும். மேலே பார்த்தால் நட்டு இருக்கும், உள்ளே ஸ்டட் துருப்பிடித்து மெலிந்து ஒரு நாள் படக்கென்று முறியும். வெளியே தெரியாது.

கழற்றப் போனால் முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை நட்டுகளுக்கு அடித்து ஊறவிடச் சொல்லுங்கள். வந்த கையோடு ஸ்பனரைப் போட்டு முறுக்கினால் மிச்ச ஸ்டட்டும் முறிந்து, ஹெட்டில் துளை போடுகிற வேலையாகிவிடும். மெனிபோல்டைத் தூக்குமுன் சென்சரைக் கழற்றிவிடட்டும், நிலத்தில் தட்டினால் உள்ளே இருக்கும் பீங்கான் வெடிக்கும்.

இன்னொன்று. கஸ்கட்டுக்கு (பொருத்தை அடைக்கும் தகடு) பதிலாகச் சிவப்புச் சிலிக்கோனை அப்பிவிட்டு அனுப்பப் பார்ப்பார்கள். விடாதீர்கள். சாதாரண சிலிக்கோனின் ஆவி சென்சரின் நுனியில் வெள்ளையாகப் படிந்து மூடிவிடும். அப்புறம் நீங்கள் வாங்கிய புதுச் சென்சரும் போச்சு.

உப்புவெளி ரீச்சர்:

இரண்டு பேருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

ஹீற்றர் 6 ஓம், கார் பக்கம் 13.9 வோல்ட். சந்தேகம் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை சாம்பல்தீவுப் பக்கம் வீதி வெறிச்சோடியிருந்த நேரம் ஓடிப் பார்த்தோம். காலை எடுத்ததும் 0.02, மிதித்ததும் 0.85. தம்பி இரண்டு தரம் பார்த்தும் அதேதான்.

டிக் டிக் சத்தத்தைக் கண்டுபிடித்தது அம்மா. வாசலில் நின்றபடியே, "தையல் மெசின் ஓடுற மாதிரிக் கேக்குது, கொஞ்ச நாளாவே கேக்குதே" என்றார். எனக்கும் தம்பிக்கும் பொனெற்றுக்குள் தலையை விட்ட பிறகுதான் கேட்டது. எஞ்சின் சூடேறியதும் சுத்தமாக நின்றுவிட்டது.

வெக்குவம் கிளீனரைப் பக்கத்து வீட்டில் வாங்கினோம். எதற்கென்று சொன்னதும் அந்த வீட்டார் எல்லோரும் பார்க்க வந்துவிட்டார்கள். வெப்பத் தகட்டைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்தால், ஓரத்துச் சிலிண்டர் பக்கம் ஹெட்டும் மெனிபோல்டும் சேருகிற இடத்தில் நுரை பொங்குகிறது. தகட்டின் உட்புறத்திலும் அதே இடத்துக்கு நேரே கரிக்கோடு. ஒரு நட்டைத் தொட்டதும் ஸ்டட்டோடு கையில் வந்தது.

மட்டிக்களியில் வேறொருவரிடம் கொண்டுபோனேன். நட்டுகளை முதல் நாளே ஊறவிட்டுக் கழற்றினார். மெனிபோல்டின் முகம் கொஞ்சம் வளைந்திருந்தது, லேத்தில் கொடுத்து மட்டமாக்கினார். புதுக் கஸ்கட், ஸ்டட், நட்டு எல்லாம் மாற்றினார். சிலிக்கோன் பேச்சு வந்தது, நான் கிண்ணியாக்காரர் எழுதியதைப் போனில் காட்டினேன், சிரித்துவிட்டு டியூபை உள்ளே வைத்தார்.

இப்போது ஐட்லிலும் 0.1க்கும் 0.8க்கும் இடையில் ஏறி இறங்குகிறது. பிழைக் குறியீடுகளை அழித்த பிறகு லோங் ட்ரிம் +4. மணம் இல்லை. லீற்றருக்கு எவ்வளவு என்று சொல்ல ஒரு டாங்க் ஓட வேண்டும்.

கழற்றிய பழைய சென்சர் என்னிடம்தான் இருக்கிறது. அதுவும் நல்லதாகத்தான் இருந்திருக்கும், இல்லையா? அறிய வழி உண்டா? ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்ற வேண்டுமா?

சீனக்குடா பழைய ஸ்பனர்:

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்தக் காது எனக்கு இருந்திருந்தால் இன்னும் கராஜ் நடத்திக்கொண்டிருப்பேன்.

பழைய சென்சரைச் சோதிக்க உங்களிடமே வசதி இருக்கிறது, பாடசாலை ஆய்வுகூடத்தில் பன்சன் சுடர் இருக்குமே. சென்சரை இடுக்கியால் பிடித்து, நுனியைச் சுடருக்குள் முழுதாக மூழ்கும்படி வையுங்கள். ஹீற்றர் இரண்டு வயரையும் விட்டுவிட்டு மற்ற இரண்டிலும் மீற்றரைக் கொழுவுங்கள். செந்தணலாக வரும்போது 0.6க்கு மேல் ஏற வேண்டும், சுடரை விட்டு எடுத்ததும் ஓரிரு விநாடிக்குள் விழ வேண்டும். ஏறவே இல்லை, அல்லது ஏறி மெல்ல மெல்லத்தான் இறங்குகிறது என்றால் எறிந்துவிடுங்கள். நன்றாக இருந்தால் துணியில் சுற்றி அலுமாரியில் வையுங்கள். வயரைப் பொசுக்கிவிடாதீர்கள், சென்சர் வெளிக்காற்றை எடுப்பது பெரும்பாலும் அந்த வயரின் வழியாகத்தான். அதே காரணத்துக்காக, வயர் அறுந்தால் ஈயம் வைத்து ஒட்டவும் கூடாது.

ஸ்பார்க் பிளக் மூன்றையும் பித்தளைப் பிரஷ்ஷால் துடைத்துப் போட்டால் போதும். ஒயில் மாற்றுகிற தவணையை முன்னுக்குக் கொண்டுவாருங்கள், இவ்வளவு காலம் மிஞ்சிய பெற்றோல் கொஞ்சம் ஒயிலுக்குள்ளும் இறங்கியிருக்கும். டிப் ஸ்டிக்கை மணந்து பார்த்தால் தெரியும்.

எமிஷன் டெஸ்டுக்கு வீட்டிலிருந்து நேரே போய் நிற்காதீர்கள். கன்னியா வரைக்கும் ஒரு சுற்று ஓடி, கற்றலிற்றிக் (புகையைச் சுத்தப்படுத்தும் பகுதி) நன்றாகச் சூடேறிய பிறகு போங்கள், வரிசையில் காத்திருந்தால் எஞ்சினை நிறுத்தாதீர்கள். மட்டிக்களிக்காரரிடம் இரண்டு கிழமை கழித்துப் போய், எஞ்சின் ஆறியிருக்கும்போது மெனிபோல்ட் நட்டுகளை ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள். புதுக் கஸ்கட் சூட்டில் கொஞ்சம் அமுங்கும்.