பிரிந்த பிறகு 15 வயதுப் பூனை யாரிடம் இருக்க வேண்டும்?

கேள்வி: மழைமுகில்

நானும் என் துணைவரும் பிரிந்துவிடுவது என்று முடிவெடுத்திருக்கிறோம். எங்களுக்குள் பெரிய மனக்கசப்பு இல்லை. சேமிப்பையும் வீட்டுச் சாமான்களையும் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொண்டோம். பேச்செடுத்தாலே இருவருக்கும் தொண்டை அடைத்துக்கொள்கிற விஷயம் ஒன்றுதான் மிச்சம்: 15 வயதான எங்கள் பூனை சிட்டு இனி யாரிடம் இருப்பாள்?

அவரைச் சந்திப்பதற்கு முன்பே, உள்ளங்கையில் அடங்குகிற குட்டியாக என்னிடம் வந்தவள் சிட்டு. தடுப்பூசி அட்டை, அடையாளத்துக்காக அவள் தோலுக்கடியில் வைத்த மைக்ரோசிப்பின் பதிவு, மருத்துவமனைக் கோப்பு எல்லாமே என் பெயரில் இருக்கின்றன. ஆனால் அவளுக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் மூன்றாம் நிலையில் இருப்பதாகத் தெரியவந்த பிறகு அன்றாடப் பராமரிப்பு முழுவதும் அவர் கைக்குப் போய்விட்டது. அவர் வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறார், என் பணி நேரமோ வாரத்துக்கு வாரம் மாறுகிறது. தோலுக்கடியில் சலைன் ஏற்றும்போது அவளை மடியில் குறுக்காகப் படுக்கவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, ஊசி உள்ளே போகும்வரை மற்ற விரல்களால் அவள் கழுத்தை வருடிக்கொண்டே இருப்பார். அவளும் அசையாமல் கிடப்பாள். நான் பிடித்தால் திமிறுகிறாள்.

இப்போதைய வீட்டில் அவர் தொடர்ந்து இருக்கப்போகிறார், வெளியேறுவது நான். சிட்டு உன்னுடையவள், யாரையும் கேட்கவேண்டியதில்லை, எடுத்துக்கொண்டு போ என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் என்ன முடிவு செய்தாலும் மறுக்கமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். அந்தப் பெருந்தன்மை என்னை இன்னும் தடுமாற வைக்கிறது. மாதம் ஒருவரிடம் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாமா? இந்த வயதில் வீடு மாறுவதை அவள் தாங்குவாளா? சட்டப்படி எனக்கே உரிமை என்றால், அந்த உரிமையை நான் கேட்டுப் பெறுவது அவளுக்கு நல்லதுதானா? விவரம் அறிந்தவர்களும், இப்படி ஒரு முடிவை எடுக்க நேர்ந்தவர்களும் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: தும்பைப்பூ

நான் கால்நடை மருத்துவர். மாற்றி மாற்றி வைத்துக்கொள்வதைப் பற்றிய கேள்விக்கு எனக்குத் தயக்கமில்லை: வேண்டவே வேண்டாம். பூனைக்குப் பழகிய ஆள் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் பழகிய இடம். கதவு நிலையிலும் மேசைக் காலிலும் கன்னத்தை உரசி உரசி அது விட்டுவைத்திருக்கும் மணம்தான் அந்த வீட்டில் அது பயமின்றி உறங்குவதற்குக் காரணம். மாதாமாதம் அதைக் கலைத்தால் முதலில் குறைவது சாப்பாடு. எந்தப் பூனையும் சில நாள்கள் தொடர்ந்து உண்ணாமல் இருந்தால் உடலின் கொழுப்பு ஈரலில் போய்ப் படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சிட்டுவுக்கு இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. நோயுற்ற சிறுநீரகம் நீரைத் தேக்கிவைக்கும் திறனை இழந்திருப்பதால்தான் அவள் அடிக்கடி தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழிக்கிறாள். ஓரிடத்தில் ஒடுங்கிக்கொண்டு ஒரு நாள் தண்ணீரைத் தொடாமல் இருந்தாலும் உடல் வற்றி, இதுவரை தாக்குப்பிடித்த சிறுநீரகம் மேலும் தளரும்.

ஒரே ஒரு முறை வீடு மாறுவது வேறு. மிக வயதான பூனைகள்கூடப் புது வீட்டில் தேறி வருவதைப் பார்த்திருக்கிறேன். முதலில் ஒரே ஓர் அறையில் வைத்து, துவைக்காத பழைய போர்வையை விரித்து, அதே உணவை அதே கிண்ணத்தில் கொடுத்து, விளிம்பு தாழ்ந்த மணல் பெட்டியை அருகிலேயே வைத்தால் பெரும்பாலானவை மெல்ல வெளியே வரத் தொடங்கும். ஆனால் அந்தத் தொடக்க வாரங்களில் எவ்வளவு தின்றாள், மணலில் சிறுநீர் பட்டு எத்தனை கட்டிகள் சேர்ந்தன என்று அன்றன்றைக்குக் கவனிக்க வீட்டில் ஓர் ஆள் இருந்தாக வேண்டும். நீங்கள் திமிறலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அது பழக்கத்தால் சரியாகிவிடும், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பணி நேரத்தை வைத்து முடிவெடுங்கள்.

அதற்கு முன் அவளுடைய இரத்த அழுத்தத்தை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரக நோயுள்ள பூனைகளுக்கு அழுத்தம் உயர்வது சாதாரணம். கவனிக்காமல் விட்டால் விழித்திரை பிரிந்து பார்வையே போகலாம். பார்வை சிறிது சிறிதாக மங்கிய பூனை பழகிய வீட்டில் நினைவையும் மீசை மயிரையும் மோப்பத்தையும் கொண்டு தடுமாறாமல் நடமாடுவதால், உடனிருப்பவர்களுக்கே தெரியாமல் இருப்பதுண்டு. வீடு மாறிய அன்று சுவரில் மோதிக்கொள்ளும்போதுதான் தெரியவரும். மூட்டும் அப்படித்தான்: 12 வயதைத் தாண்டிய பூனைகளுக்கு எக்ஸ்ரே எடுத்தால் மிகப் பலவற்றில் தேய்மானம் தெரியும். ஜன்னல் திட்டுக்கு ஒரே தாவலில் ஏறியவள் இப்போது கீழே நின்று அண்ணாந்து பார்த்து யோசிக்கிறாளா என்று கவனியுங்கள். இந்தப் பரிசோதனை முடிவுகள் எந்த வீடு என்ற கேள்விக்குப் பாதி விடையாக அமையக்கூடும்.

பதில்: அந்திவானம்

என் முதிய பூனையை, பிரிந்த மனைவியிடமே விட்டுவந்தவன் நான். அந்தப் பூனையையும் குட்டியிலிருந்து வளர்த்தது நான்தான். ஆகவே உங்கள் நண்பர்கள் சொல்வது எவ்வளவு இனிப்பாகக் காதில் விழும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் உங்களுக்காகப் பேசுகிறார்கள், சிட்டுவுக்காக அல்ல. நீங்கள் எழுதியதை மறுபடி படித்துப் பாருங்கள்: உங்கள் பக்கத்துக்குச் சான்றாக நீங்கள் காட்டுவது ஆவணங்களை, அவர் பக்கத்துக்குச் சான்றாகக் காட்டுவதோ அவள் மடியில் கிடக்கும் விதத்தை. மனத்துக்குள் நீங்கள் ஏறக்குறைய முடிவெடுத்துவிட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

விட்டுவந்தால் அவள் உங்களை மறந்துவிடுவாள் என்ற அச்சம் வரும். என் பூனை மறக்கவில்லை. நான் போகும்போதெல்லாம் முதலில் என் செருப்பை நெடுநேரம் மோந்து பார்ப்பாள், பிறகு பையை, பிறகு கையை. அத்தனையும் முடிந்த பிறகுதான் மடியில் ஏறுவாள். நான் அவளை அவசரப்படுத்தியதே இல்லை. போய்ப் பார்ப்பதற்கு ஒரு கிழமையையும் நேரத்தையும் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள், பார்க்கப் போகும்போது உங்கள் இருவருடைய பழைய பேச்சுகளை எடுக்காதீர்கள். அந்தப் பேச்சு தொடங்கினால் அடுத்த முறை போகவே மனம் கூசும், இழப்பு பூனைக்கும் உங்களுக்கும்தான்.

இன்னொன்றையும் இப்போதே கேட்டுவிடுங்கள். நாளைக்கு அவர் வாழ்க்கையில் வேறொருவர் வந்தால், அவருடன் நாயோ இன்னொரு பூனையோ வந்தால், சிட்டுவுக்கு என்ன ஏற்பாடு? கேட்கச் சங்கடமாக இருக்கும். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது; ஆனால் முன்கூட்டியே பேசியிருந்ததால், அந்த நாள் வந்தபோது அவளுக்கென்று ஓர் அறை ஒதுக்கப்பட்டிருந்தது.

பதில்: நடுநிலை

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். உலகின் பெரும்பாலான இடங்களில் வளர்ப்பு விலங்கு சட்டத்தின் பார்வையில் உடைமைதான். அங்கெல்லாம் உங்கள் பெயரில் உள்ள ஆவணங்களுக்கு மதிப்பு அதிகம், அதிலும் நீங்கள் சேர்ந்து வாழ்வதற்கு முன்பே அவள் உங்களிடம் இருந்ததால் உங்கள் பக்கம் வலுவானது. சில இடங்களில் இந்த நிலை மாறிவருகிறது. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் 2017 முதல் மணவிலக்கு வழக்குகளில் விலங்கின் நலனை நீதிமன்றம் கருத்தில் கொள்கிறது. கலிபோர்னியாவில் 2019 முதல் அதன் பராமரிப்பைக் கருதி, ஒருவருக்கென்றோ இருவருக்கும் கூட்டாகவோ ஒப்படைக்கலாம். ஸ்பெயினில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் விலங்குகளை உணர்வுள்ள உயிர்களாக ஏற்று, கூட்டுப் பராமரிப்புக்கும் இடம் தருகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவோ 2024இல் இதற்கு நேர்மாறான வழியில் சென்றது: யார் பராமரித்தார்கள், இனி யாரால் பராமரிக்க முடியும் என்பதையெல்லாம் பார்த்த பிறகு நீதிமன்றம் ஒருவரிடம்தான் ஒப்படைக்கலாம், இருவரும் பகிர்ந்துகொள்ளும்படி உத்தரவிட முடியாது. மருத்துவர் மேலே சொன்ன காரணங்களைப் படித்த பிறகு, முதிய பூனையைப் பொறுத்தவரை இந்தக் கடைசி வழியே எனக்கு நியாயமாகப் படுகிறது.

உங்கள் விஷயத்தில் நீதிமன்றத்துக்குத் தேவையே இல்லை. இருவரும் கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாள் போதும். யாரிடம் இருப்பாள், மருத்துவச் செலவு எந்த விகிதத்தில், அவர் வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வது, அவரால் முடியாமல் போனால் முதலில் உங்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும் என்பது ஆகியவற்றை அதில் எழுதுங்கள். மைக்ரோசிப் பதிவில் அவருடைய தொலைபேசி எண்ணையும் சேர்த்துவிடுங்கள். அவள் எப்போதாவது கதவைத் தாண்டிப் போய்விட்டால், கண்டெடுத்தவருக்குக் கிடைக்கும் எண் அருகில் இருப்பவருடையதாக இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்: மழைமுகில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆம், ஜன்னல் திட்டின் கீழே நின்று யோசிக்கிறாள். அதற்காகவே அவர் ஒரு முக்காலியைப் போட்டுவைத்திருக்கிறார், அது எதற்கென்று இதுவரை நான் கேட்டதில்லை. சிட்டுவை அங்கேயே விடுவது என்று முடிவு செய்துவிட்டேன். இன்று மாலை அவரிடம் சொல்லப்போகிறேன்.

ஒன்று மட்டும் என்னை விடாமல் அரிக்கிறது. முடிவு நெருங்கும்போது, இனி சிகிச்சை வேண்டாம், வலியில்லாமல் அனுப்பிவைத்துவிடலாம் என்பதை யார் தீர்மானிப்பது? அந்த நேரத்தில் நான் அங்கே இல்லாமல் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: தும்பைப்பூ

இதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள், இப்போதே, அவள் நன்றாக இருக்கும்போதே. அவசர இரவில் தொலைபேசியின் இருமுனையிலும் இருவர் அழுதுகொண்டிருக்கும்போது, என் போன்ற மருத்துவருக்கு யாருடைய சொல்லைக் கேட்பது என்று தெரியாமல், அதற்குள் பூனை தேவையில்லாமல் வேதனைப்படுவதைக் கண்டிருக்கிறேன். அன்றாடம் பார்க்கிறவருக்குச் சின்னச் சின்ன மாற்றங்கள் பழகிப்போய்விடும். இடைவெளி விட்டுப் பார்க்கும் உங்களுக்கு மெலிவு உடனே கண்ணில் படும். இரண்டு பார்வையும் வேண்டும். ஆகவே எடையை மாதந்தோறும் குறித்து இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள். விரும்பி உண்பதை அடியோடு நிறுத்துதல், தன் மயிரை நக்கிச் சுத்தம் செய்யாமல் விட்டுவிடுதல், மணல் பெட்டிவரை நடக்க முடியாமல் படுத்த இடத்திலேயே நனைந்து கிடத்தல், நல்ல நாள்களைவிடக் கெட்ட நாள்கள் அதிகமாதல் ஆகிய நிலைகளில் எதைக் கண்டால் மருத்துவரோடு மூவராக உட்கார்ந்து பேசுவது என்று இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள்.

நாள் இருந்தால் இருவரும் சேர்ந்தே தீர்மானியுங்கள். மூச்சுத் திணறல், நிற்காத வலிப்பு போன்றவற்றில் காத்திருக்க முடியாது. அப்போது அருகில் இருப்பவர் மருத்துவரின் சொற்படி முடிவெடுக்கலாம், உங்களுக்கு உடனே தகவல் சொல்லவேண்டும் என்று எழுதுங்கள். உங்கள் இருவர் பெயரையும் எண்களையும் மருத்துவமனைக் கோப்பில் சேர்க்கச் சொல்லி, அந்தத் தாளின் நகல் ஒன்றையும் அதிலேயே வைக்கச் சொல்லுங்கள். இரத்த அழுத்தம் பார்க்கப் போகும் அன்றைக்கே இதையும் முடித்துவிடலாம்.