கைநாட்டு இருந்தால் சம்மதமா? ஆஸ்திரேலியாவில் பறிக்கப்பட்ட பிள்ளைகள்

மாறன்: ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்தது பற்றிய 1997 அரசு விசாரணை அறிக்கையைப் படித்தேன். பூர்வகுடியினர் 535 பேர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். மனம் கலங்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லையே. 1910 முதல் 1970 வரை பத்தில் ஒரு பிள்ளையிலிருந்து மூன்றில் ஒன்று வரை என்கிறார்கள். இவ்வளவு இடைவெளி விட்டு ஒரு கணக்கா? நோயிலும் பட்டினியிலும் கிடந்த குழந்தையைக் காப்பாற்றியதும் இதில்தானே சேரும்?

தேன்மொழி: நோயில் கிடந்த குழந்தையா? சரி, புரூஸ் ட்ரெவோரோ கதையைக் கேளுங்கள். தெற்கு ஆஸ்திரேலியா, கூராங் பகுதி. 1957 கிறிஸ்துமஸ் நாளில் 13 மாதக் குழந்தைக்கு வயிற்றுக் கோளாறு. அப்பாவிடம் வண்டி இல்லை, தெரிந்தவர்கள் காரில் அடிலெய்டு குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். குழந்தை தேறிவிட்டது. தேறியதும் வீட்டுக்கு அனுப்பாமல், சில நாட்களிலேயே ஒரு வெள்ளைக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டார்கள். அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பல மாதம் கழித்து, 'என் பிள்ளையை எப்போது அனுப்புவீர்கள்' என்று அவர் கடிதம் போட்டார். பூர்வகுடிப் பாதுகாப்பு வாரியம் என்ன பதில் எழுதியது தெரியுமா? நன்றாகத் தேறி வருகிறான், மருத்துவர்கள் இன்னும் கொஞ்சம் வைத்திருக்க வேண்டும் என்கிறார்களாம்! பச்சைப் பொய். அதுவும் எழுத்தில்.

மாறன்: அது ஒரு வழக்கு. இதேபோல் சிறுவயதில் பிரிக்கப்பட்ட லோர்னா குபில்லோவும் பீட்டர் கன்னரும் அரசின் மீது வழக்குப் போட்டு 2000-இல் தோற்றார்களே, அதையும் சொல்லுங்கள். கன்னரை விடுதியில் சேர்க்கக் கோரும் படிவத்தில் தாயின் கைநாட்டு இருந்தது. நீதிமன்றம் ஆவணத்தைத்தான் பார்க்கும்.

தேன்மொழி: ஆங்கிலப் படிவம், கீழே கைநாட்டு. அது எப்படி விழுந்தது, அந்த அம்மாவுக்கு என்ன சொன்னார்கள் என்று விளக்க ஆளில்லை. இதைச் சம்மதம் என்கிறீர்கள்.

இளங்கோ: இடையில் ஒன்று. நியூ சவுத் வேல்ஸில் 1915-க்கு முன் பிள்ளையை எடுக்க வேண்டுமானால், பெற்றோர் கவனிக்கவில்லை என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த மாநிலத்தின் பூர்வகுடிப் பாதுகாப்பு வாரியத்துக்கு அது தொல்லை. அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி அந்த வேலையையே ஒழித்தார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் இன்னும் மோசம்: 1905 சட்டப்படி 16 வயதுக்குட்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளுக்குச் சட்டப் பாதுகாவலர் ஓர் அதிகாரிதான். பசி, நோய் எதையும் யாரும் காட்டத் தேவையில்லை.

மாறன்: சட்டம் இனவெறிச் சட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக 535 பேர் சொன்னதும் ட்ரெவோரோ கதை போலவே நடந்தது என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒவ்வொன்றுக்கும் கோப்பு வேண்டும்.

தேன்மொழி: கோப்பை எழுதியதே பிள்ளையை எடுத்தவர்கள்தானே, மாறன்? இப்படிப் பிரிக்கத் தெற்கு ஆஸ்திரேலிய வாரியத்துக்கு அதிகாரமில்லை என்று அரசுச் சட்ட ஆலோசகரே முன்பு எழுதிக்கொடுத்திருந்தார். அந்தத் தாள் நீதிமன்றத்தில் வெளிவந்ததால்தான் ட்ரெவோரோ 2007-இல் ஜெயித்தார். 5,25,000 டாலர் இழப்பீடு. அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். கோப்பு கிடைக்காதவர் எங்கே போவார் என்கிறீர்கள்?