கப்பல் பொறியியல் மாணவர்களுக்குத் தொழில் அறம் கற்பிக்க உங்கள் அனுபவம் தேவை

அனைவருக்கும் வணக்கம். கோவைக்கு அருகே ஒரு கல்லூரியில் கடல்சார் பொறியியல் மாணவர்களுக்குத் தொழில் அறமும் பணித்திறனும் கற்பிக்கிறேன். கடல் இங்கிருந்து வெகு தொலைவு. மாணவர்களில் பலர் கப்பலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள்.

எந்திர அறையின் அடியில் தேங்கும் எண்ணெய்க் கழிவுநீரைப் பிரிப்பானில் செலுத்தி, எண்ணெயின் அளவு பத்து லட்சத்தில் 15 பங்கைத் தாண்டாத நீரை மட்டுமே கடலில் விட வேண்டும் என்ற மார்ப்போல் (கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் பன்னாட்டு ஒப்பந்தம்) விதியையும், அதை எண்ணெய்ப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பதையும் அவர்கள் தேர்வில் பிழையின்றி எழுதிவிடுகிறார்கள். பிரிப்பானைத் தவிர்க்கக் கள்ளக் குழாய் பொருத்தச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோதுதான், ஈரோட்டு மாணவர் ஒருவர், "சீஃப் சொன்னா மாட்டேன்னு சொல்ல முடியுங்களா சார்?" என்றார். (சீஃப் என்றால் கப்பலின் தலைமைப் பொறியாளர்.) நியாயமான கேள்வி, பாடநூலில் அதற்கு விடை இல்லை.

நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவையும், 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் சொன்னபோது வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்தக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையை நேரில் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால், தவறான உத்தரவை மறுப்பவர் பட்டறையை விட்டு வீட்டுக்குப் போய்விடலாம். நடுக்கடலில் அது முடியாது.

எனவே, கப்பலில் பணியாற்றிய உறுப்பினர்கள், இத்தகைய உத்தரவை மறுத்த தருணத்தில் மேலதிகாரியிடம் எந்தச் சொற்களில் பேசினீர்கள், பிறகு என்ன நடந்தது என்பதை எழுதி உதவ வேண்டுகிறேன். மறுக்க முடியாமல் போன அனுபவமும் பயன்படும். நிறுவனத்தின் பெயரோ கப்பலின் பெயரோ வேண்டாம்.