கண்காட்சிக்கு முன் காப்புரிமை: வழிகாட்டுங்கள்

குழுவின் மூத்தவர்களுக்கு வணக்கம். நான் இயந்திரவியல் இறுதியாண்டு மாணவன். சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு விழுந்தால் சிவப்பு விளக்கு எரிந்து இடத்தைக் காட்டும் கருவியை நால்வர் சேர்ந்து செய்திருக்கிறோம். உள்ளங்கையில் அடங்கும். அப்பாவின் தென்னந்தோப்பில் 16 மி.மீ. குழாயில் மாட்டி, உப்புப் படிந்த துளைகளில் இரண்டு மாதம் சோதித்தோம்.

அடுத்த மாதம் கல்லூரிக் கண்காட்சி. விண்ணப்பிக்கும் முன் பொதுவில் காட்டினால் புதுமை போய்விடும்; மத்திய அரசு அறிவித்த கண்காட்சிகளுக்குத்தான் காப்புரிமைச் சட்டம் இதில் 12 மாத விலக்குத் தருகிறது. எங்களுடையது அதில் சேராது. எனவே அதற்கு முன்பே கிண்டி காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விவரக்குறிப்பை (கண்டுபிடிப்பை விளக்கும் முதற்கட்ட ஆவணம்) தாக்கல் செய்துவிட வேண்டும். முழு விவரக்குறிப்புக்கு அதிலிருந்து 12 மாத அவகாசம் உண்டு. தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய், அதைத் திரட்டிவிட்டோம்.

சிக்கல் வேறு. எல்லா உரிமையையும் எழுதித்தரும்படி கல்லூரி ஒரு படிவத்தை நீட்டியிருக்கிறது. கருவியைத் தொட்டே பார்க்காத ஒருவரின் பெயர் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் முதலாவதாக நிற்கிறது. இரவெல்லாம் விழித்துக் கருவியின் இணைப்புகளைப் பற்றவைத்த நண்பனின் பெயர் கடைசியில். மனம் ஆறவில்லை.

இப்படியொரு படிவத்தைத் திருத்தி வாங்கியவர்கள் இங்கே இருக்கிறீர்களா? எந்த வரிகளை மாற்றக் கேட்டீர்கள்? மாணவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் உதவும் காப்புரிமை முகவர் யாரையேனும் தெரிந்தாலும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் படிவத்தைத் திருப்பித் தர வேண்டும்.