ஃபெடரல் கிராண்ட் ஆடிட்டில் சம்பளச் செலவு பற்றி ஃபைண்டிங்: பதிலை எப்படி எழுதுவது?

கேள்வி: ஒஹாயோ_கணக்கு

வணக்கம். ஒஹாயோவில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் சில மாதங்களுக்கு முன்பு நிதிப் பொறுப்பில் சேர்ந்தேன். வீடில்லாத குடும்பங்களுக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுப்பது, இளைஞர்களுக்கு வேலைப் பயிற்சி கொடுப்பது, இந்த இரண்டும்தான் எங்கள் பணி. இரண்டுக்குமே ஃபெடரல் அரசின் மானியப் பணம் (கிராண்ட்) வருகிறது. வீட்டு உதவிக்கான பணம் ஹட் என்ற வீட்டுவசதித் துறையிலிருந்து கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) வழியாகவும், பயிற்சிக்கான பணம் தொழிலாளர் துறையிலிருந்து மாநிலம் வழியாகவும் வருகிறது. நிதியாண்டு ஜூன் 30 அன்று முடியும். ஃபெடரல் செலவு 10 லட்சம் டாலரைத் தாண்டியதால் சிங்கிள் ஆடிட் நடந்தது, அதாவது ஃபெடரல் பணத்தைச் செலவழித்த விதத்தையும் சேர்த்துப் பார்க்கும் தணிக்கை.

போன வாரம் வரைவு அறிக்கை வந்தது. அதில் இரண்டு ஃபைண்டிங், அதாவது ஆடிட்டர் கண்ட குறைகள். முதலாவது சம்பளம். இரண்டு திட்டங்களிலும் வேலை பார்க்கும் நான்கு பேருடைய சம்பளத்தை ஆண்டு முழுக்க 60-க்கு 40 என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். பட்ஜெட்டில் அப்படித்தான் இருந்தது. உண்மையில் யார் எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு நேரம் உழைத்தார் என்பதற்குப் பதிவு இல்லை என்று சொல்லி, 68,000 டாலரைக் கேள்விக்குரிய செலவாகக் காட்டியிருக்கிறார் ஆடிட்டர். மெட்டீரியல் வீக்னஸ் (உள்கட்டுப்பாட்டில் பெரிய பலவீனம்) என்ற முத்திரை வேறு. இரண்டாவது, கவுண்டியிலிருந்து வந்த இன்னொரு சிறு தொகையும் ஃபெடரல் பணம்தான், அது செலவுப் பட்டியலில் விடுபட்டிருக்கிறது.

எங்கள் இயக்குநர் நல்லவர், ஆனால் மிரண்டுபோயிருக்கிறார். நான்கு பேரையும் உட்காரவைத்து, போன ஆண்டுக்கான டைம்ஷீட்டை இப்போது எழுதச் சொல்லி, அந்தந்த மாதத் தேதியைப் போட்டுக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. 68,000 டாலரைத் திருப்பிக் கட்டியே ஆக வேண்டுமா? பதிலில் என்ன எழுத வேண்டும்? அடுத்த வாரம் போர்டு கூடுகிறது.

பதில்: முன்னாள்_ஆடிட்டர்

அந்த டைம்ஷீட் யோசனையை இன்றைக்கே நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம். இப்போது உங்களிடம் இருப்பது ஆவணக் குறைபாடு. முன்தேதியிட்டுக் கையெழுத்து வாங்கினால் அது ஃபெடரல் அரசிடம் பொய் ஆவணம் கொடுத்த குற்றமாகிவிடும். கையெழுத்துப் போடும் அந்த நான்கு பேரையும் சேர்த்து மாட்டிவிடுகிறீர்கள். பல ஆண்டுகள் ஆடிட் பக்கம் இருந்தவள் நான். ஒரே பேனா, ஒரே கையெழுத்து வேகம், பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே சதவீதம் என்று ஒரு கட்டுக் காகிதம் வந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

செய்யக்கூடியது வேறொன்று இருக்கிறது. அந்த ஆண்டிலேயே உருவான பதிவுகளைத் தேடுங்கள். அவுட்லுக் காலண்டர், கேஸ் நோட்டுகள், பயிற்சி வகுப்பின் வருகைப் பதிவேடு, வீடு பார்க்கப் போன மைலேஜ் படிவம், எல்லாம் சான்றுதான். அவற்றை வைத்து நேரத்தைக் கணக்கிட்டு ஒரு தாள் தயாரியுங்கள். அதன் தலையில் இன்றைய தேதியைப் போட்டு, எந்தெந்தப் பதிவிலிருந்து எடுத்தது என்றும் எழுதுங்கள். மூலப் பதிவுகளைப் பின்னால் இணையுங்கள். கணக்கு 60-40 என்று வராமல் 52-48 என்று வந்தால் 52-48 என்றே காட்டுங்கள். அதிகமாக எடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேரலாம், ஆனால் அது 68,000 ஆக இருக்காது.

திருப்பிக் கட்டுவதைப் பற்றி: கேள்விக்குரிய செலவு என்பது ஆடிட்டர் எழுப்பும் கேள்வி, அவ்வளவுதான். அதை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்வது பணம் கொடுத்த இடம். உங்களுக்குப் பணம் கவுண்டி வழியாகவும் மாநிலம் வழியாகவும் வருவதால் அந்தந்தப் பங்குக்கு அவர்கள்தான் முடிவைச் சொல்ல வேண்டும். ஆடிட் அறிக்கைகளைச் சமர்ப்பிக்கும் ஃபெடரல் இடமான ஃபெடரல் ஆடிட் கிளியரிங்ஹவுஸ் உங்கள் அறிக்கையை ஏற்றுக்கொண்டதிலிருந்து ஆறு மாதம் அவர்களுக்கு அவகாசம். கட்டச் சொன்னால் சொந்தப் பணத்திலிருந்துதான் கட்ட வேண்டும். இன்னொரு ஃபெடரல் கிராண்டில் தள்ளி ஈடுகட்ட முடியாது. போர்டிடம் இதை இப்போதே சொல்லிவையுங்கள், ரிசர்வ் எவ்வளவு இருக்கிறது என்று அவர்கள் பார்க்கட்டும்.

விதி என்ன கேட்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபெடரல் கிராண்ட் பணத்துக்கான விதித் தொகுப்பான 2 சிஎஃப்ஆர் 200-இல் 430-ஆம் பிரிவு. பட்ஜெட் சதவீதம் மட்டும் சம்பளச் செலவுக்கு ஆதாரம் ஆகாது. இடைக்காலத்தில் அதை வைத்துக் கணக்கு எழுதலாம், ஆனால் பிறகு உண்மையான நேரத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்திருக்க வேண்டும். நிறைய பேர் முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். உங்கள் இடத்தில் நடந்ததும் அதுதான் என்று தோன்றுகிறது.

பதில்: களப்பணி_மேலாளர்

நான் கணக்குப் பக்கம் இல்லை, திட்டம் நடத்தும் பக்கம். தயவுசெய்து புது டைம்ஷீட்டை நிதிப் பிரிவு மட்டும் உட்கார்ந்து வடிவமைக்காதீர்கள்.

எங்கள் கேஸ் ஒர்க்கர் ஒருவர் ஒரு வீட்டுக்குப் போகிறார். அம்மாவுக்கு வாடகை உதவி மனு நிரப்பித் தருகிறார். அதே மேசையில் பத்தொன்பது வயது மகனைப் பயிற்சித் திட்டத்தில் சேர்க்கிறார். இரண்டும் சேர்ந்து ஒன்றரை மணி நேரம். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவார்? அதற்கு விடை சொல்லாமல் தாளை மட்டும் நீட்டினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் 60-40 என்றுதான் நிரப்பிக் கொடுப்பார்கள். ஃபைண்டிங் மறுபடியும் வரும்.

நாங்கள் செய்தது இதுதான். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு வரி, பொது நிர்வாகத்துக்கு ஒரு வரி, விடுப்புக்கு ஒரு வரி. தினமும் அரை மணிக் கணக்கில் எழுதினால் போதும். இரண்டு திட்டத்துக்கும் பொதுவான பயண நேரத்தை, அன்று பார்த்த வேலையின் விகிதத்தில் பிரிப்பது என்று எழுத்தில் ஒரு விதி வைத்தோம். சம்பளச் சுற்று முடியும் நாளில் மேலாளர் கேஸ் நோட்டில் இரண்டு மூன்று நாட்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திடுவார். அந்த ஒப்பீடு நடந்ததற்கு ஓரத்தில் அவர் இடும் சுருக்கொப்பம்தான் அடையாளம். ஆடிட்டர் வந்தபோது முதலில் கேட்டதும் அதைத்தான்.

பதில்: முன்னாள்_ஆடிட்டர்

அருமையாகச் சொன்னீர்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஃபெடரல் அல்லாத வேலை நேரமும் அதே தாளில் வர வேண்டும். ஒருவர் சம்பளம் வாங்கும் நேரம் முழுவதற்கும் கணக்கு வேண்டும், கிராண்ட் நேரம் மட்டும் போதாது.

பதில்: பாஸ்த்ரூ_அனுபவம்

இரண்டாவது ஃபைண்டிங்கைச் சின்னதாக நினைக்க வேண்டாம். கவுண்டியுடன் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பணம் ஃபெடரல் என்றால் அசிஸ்டன்ஸ் லிஸ்டிங் எண்ணும் (ஃபெடரல் திட்டத்தின் அடையாள எண்) எந்தத் துறையின் பணம் என்பதும் அதில் இருக்க வேண்டும். அதைத் தெரிவிப்பது கவுண்டியின் கடமை. இல்லையென்றால் அதை உங்கள் பதிலில் ஒரு காரணமாகக் குறிப்பிடலாம், குற்றம் சாட்டும் தொனி இல்லாமல். இனி எந்த அரசு அலுவலகத்திலிருந்து பணம் வந்தாலும் அது ஃபெடரலா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

இன்னொன்று. சிங்கிள் ஆடிட் வரம்பு முன்பு 7,50,000 டாலர். 2024 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் நிதியாண்டுகளுக்கு அது 10 லட்சம். அடுத்த ஆண்டு அதற்குக் கீழே போனால் ஆடிட் தேவைப்படாது, ஆனால் பதிவுகளை எப்போது கேட்டாலும் காட்டத்தான் வேண்டும்.

ஒஹாயோ_கணக்கு

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இயக்குநரிடம் பேசினேன். முன்தேதி யோசனையைக் கைவிட்டுவிட்டார். மைலேஜ் படிவங்களும் வகுப்புப் பதிவேடும் பெரும்பாலும் கிடைத்துவிட்டன. திருத்த நடவடிக்கைத் திட்டத்துக்கு, அதாவது ஃபைண்டிங்குக்கு நாங்கள் தரும் பதிலுக்கு, இப்படி எழுதியிருக்கிறேன், சரியா?

"நிர்வாகம் இந்த ஃபைண்டிங்கை ஏற்றுக்கொள்கிறது. ஊழியர்களுக்குத் தகுந்த பயிற்சி அளித்து, எதிர்காலத்தில் விதிமுறைகள் பின்பற்றப்படுவதை உறுதி செய்வோம்."

பதில்: முன்னாள்_ஆடிட்டர்

சரியில்லை. இதில் யார், எப்போது, என்ன என்ற மூன்றும் இல்லை. பொறுப்பாளர் பெயர், செய்யப்போகும் செயல், முடியும் தேதி மூன்றையும் விதியே கேட்கிறது. ஆடிட்டரின் ஃபைண்டிங்குக்குக் கீழேயே ஒட்டி எழுதாமல் தனி ஆவணமாகவும் இருக்க வேண்டும். அப்புறம், ஊழியர்களுக்குப் பயிற்சி இல்லாததா காரணம்? உண்மை நேரத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்யும் வேலையை யாருக்கும் ஒப்படைக்கவில்லை, அதுதான் காரணம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"இரு திட்டங்களிலும் பணிபுரிவோரின் சம்பளம் பட்ஜெட் விகிதத்தில் பதிவு செய்யப்பட்டது. அதை உண்மையான நேரத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்யும் பொறுப்பு எவரிடமும் இருக்கவில்லை. இந்த மாதம் முதல் அனைவரும் தினசரி டைம்ஷீட் எழுதுகிறார்கள். திட்ட மேலாளர் அதைக் கேஸ் நோட்டுகளோடு ஒப்பிட்டு ஒப்புதல் தருவார். ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் நிதி மேலாளர் வித்தியாசத்தைச் சரிசெய்வார். கேள்விக்குரிய செலவுக்கு, அந்த ஆண்டின் பதிவுகளிலிருந்து தயாரித்த நேரக் கணக்கைக் கவுண்டிக்கும் மாநிலத்துக்கும் அனுப்புகிறோம்."

இதன் கீழே பொறுப்பாளர் பெயரும் தேதியும். தேதியை அவசரப்பட்டு நெருக்கமாகப் போட வேண்டாம், முடியக்கூடிய தேதியாக இருக்கட்டும். அடுத்த ஆண்டு இதன் நிலையை நீங்களே ஒரு பட்டியலில் அறிவிக்க வேண்டும். முடியாததை முடிந்தது என்று எழுதினால் அதுவே தனி ஃபைண்டிங் ஆகும். மெட்டீரியல் வீக்னஸ் இருப்பதால் கொஞ்ச காலம் குறைந்த அபாயம் உள்ள அமைப்பு என்ற தகுதி உங்களுக்கு இருக்காது. ஃபெடரல் செலவில் 20 சதவீதத்துக்குப் பதில் 40 சதவீதத்தையாவது ஆடிட்டர் சோதிக்க வேண்டியிருக்கும். ஆடிட் கட்டணம் கூடலாம், பட்ஜெட்டில் இடம் வையுங்கள்.

கிளியரிங்ஹவுஸில் அறிக்கையைச் சமர்ப்பிக்கக் கெடு: ஆடிட்டர் இறுதி அறிக்கையைக் கொடுத்து 30 நாள், அல்லது நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதம், இரண்டில் எது முந்தியோ அது. உங்களுக்கு மார்ச் 31-ஐத் தாண்டக் கூடாது. கவுண்டிக்கும் மாநிலத்துக்கும் அறிக்கை போய்ச் சேரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.