‘ரோட் லோட்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்: ‘சாலைச் சுமை’யை விட்டுச் ‘செல்தடை’ என்போம்

அன்புடைய நண்பர்களுக்கு வணக்கம்.

கரடுமுரடான வழிகளில் செல்லும் பெரிய எஸ்யூவி வண்டிகளில் எரிபொருளை மிச்சப்படுத்துவது குறித்து ஒரு கையேட்டைத் தமிழில் எழுதி வருகிறேன் என்று சென்ற மடலில் தெரிவித்திருந்தேன். அதற்காக நான் கேட்ட சொற்களில் ‘ரோட் லோட்’ என்பதற்குச் ‘சாலைச் சுமை’, ‘டிராக்’ (drag: காற்றோ நீரோ தரும் எதிர்ப்பு) என்பதற்கு ‘இழுவை’, ‘ரோலிங் ரெசிஸ்டன்ஸ்’ என்பதற்கு ‘உருளல் உராய்வு’ என மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. பரிந்துரைத்தவர்களுக்கு நன்றி. மூன்றையும் கையேட்டின் வாக்கியங்களில் பொருத்தி எழுதிப் பார்த்தபோது மூன்றுமே பொருளைத் தவறவிடுவதாக எனக்குப் பட்டது. ஏன் என்பதை விளக்கிவிட்டு, மாற்றுச் சொற்களை முன்வைக்கிறேன்.

சமதரையில் மாறாத வேகத்தில் செல்லும் வண்டியை ஓயாமல் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருக்கும் விசைகளின் கூட்டுத்தொகையே பொறியாளர்கள் ‘ரோட் லோட்’ எனக் குறிப்பது. காற்றைப் பிளந்து செல்வதால் வரும் எதிர்ப்பு, டயர் உருளும்போது வரும் எதிர்ப்பு, ஆக்ஸில், கியர், பேரிங் ஆகியவை சுழல்வதால் வரும் எதிர்ப்பு ஆகிய மூன்றும் அதில் அடங்கும். ‘சாலைச் சுமை’ என்று எழுதினால், சாலையின் மீது வண்டி ஏற்றும் பாரம் என்றுதான் தமிழ் வாசகர் கொள்வார். பாலமும் சாலையும் அமைப்பவர்களுக்கு அந்தப் பொருளில் அச்சொல் வேண்டியும் இருக்கிறது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நாம் பேசும் வண்டி சாலையே இல்லாத மணலிலும் சேற்றிலும் செல்வதற்காகச் செய்யப்பட்டது. அங்கே அது சந்திக்கும் எதிர்ப்பைச் ‘சாலை’யைக் கொண்டு எப்படிப் பெயரிடுவது?

ஆகவே ‘செல்தடை’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். செல்வதற்கு நேரும் தடை என்பது கேட்டவுடனே விளங்குகிறது. காற்றுத்தடை, உருள்தடை, சுழல்தடை என்று அதன் உறுப்புகளுக்கும் ஒரே வார்ப்பில் பெயர் அமைகிறது. இவற்றுள் ‘உருள்தடை’, ‘செல்தடை’ போன்றவை வினைத்தொகைகள் ஆதலால் இடையில் வல்லெழுத்து மிகாது. ‘காற்றுத்தடை’யில் மட்டும் மிகும். உருண்ட, உருள்கின்ற, உருளும் என முக்காலத்தையும் தன்னுள் அடக்கி நிற்கும் வினைத்தொகை, எப்போதும் நிகழ்ந்துகொண்டிருக்கும் இயற்பியல் நிகழ்வுக்கு மிகவும் பொருந்துகிறது. இத்தகைய வசதி நம் மொழியில் இருக்கும்போது ‘உருளுதலினால் ஏற்படும் எதிர்ப்பு விசை’ என்று நீட்டி எழுத வேண்டியதில்லை.

‘இழுவை’ குறித்துச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ‘டிராக்’ என்பதற்கு ‘இழுவை’ என்று எழுதும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது என்பதை அறிவேன். ஆனால் வண்டியோட்டுபவர் பேச்சில் ‘இழுவை’ என்பது எஞ்சினின் ஆற்றலைக் குறிக்கும் நற்சொல். ‘மேட்டில் வண்டி நன்றாக இழுக்கிறது’ என்றால் பாராட்டு. ‘வண்டியில் இழுவை இல்லை’ என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது, அல்லது எரிபொருள் வடிகட்டி அடைத்துக்கொண்டது என்று பொருள். இன்னொருபுறம் டயர் தரையைப் பற்றி வண்டியை முன்செலுத்துவதையும், பின்னால் டிரெய்லரைப் பூட்டி இழுத்துச் செல்வதையும் ‘இழுவை’ என்றே எழுதுகிறோம். ‘மேற்கூரை கேரியரைக் கழற்றினால் இழுவை குறையும்’ என்று கையேட்டில் எழுதினால், அதைப் படிக்கும் ஓட்டுநர் கேரியரைக் கழற்றவே மாட்டார். எதிர்மாறான பொருளைத் தரக்கூடிய சொல்லை, அதுவும் செயல்முறை நூலில், நாம் வைக்கக் கூடாது. ‘இழுவை’யை அது வழங்கிவரும் முன்னோக்கிய பொருளுக்கே விட்டுவிட்டு, டிராக்கைக் ‘காற்றுத்தடை’ என்போம். நீரிலும் டிராக் உண்டே என்று கேட்பவர்களுக்கு, பொதுநிலையில் ‘பாய்மத்தடை’ (பாய்மம் என்பது நீர்மம், வாயு இரண்டுக்கும் பொதுப்பெயர்) என்றும் நீரில் ‘நீர்த்தடை’ என்றும் அதே வார்ப்பில் சொல்லலாம் என்பது என் விடை.

‘உருளல் உராய்வு’ வேறு வகையில் தவறு. டயரின் தரைபடும் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி மீள்கிறது; நசுங்கும்போது வாங்கிய ஆற்றல் முழுவதையும் ரப்பர் மீளும்போது திருப்பித் தருவதில்லை; எஞ்சியது வெப்பமாகப் போய்விடுகிறது. உருளும்போது நேரும் இழப்பின் பெரும்பகுதி இப்படி டயரின் உள்ளே நிகழ்வதே தவிர, இரண்டு பரப்புகள் உரசுவதால் வருவதன்று. காந்தவியலில் ‘தயக்கம்’ (ஹிஸ்டெரிசிஸ்) என்று நாம் பயிலும் அதே இயல்புதான் இங்கே ரப்பரில் தோன்றுகிறது. ‘உராய்வு’ என்று பெயரிட்டால் வாசகரின் கவனம் தரையின் சொரசொரப்புக்குப் போய்விடும். காற்றழுத்தம் குறைந்த டயர் ஏன் கூடுதலாக எரிபொருளைத் தின்கிறது என்பது அவருக்கு விளங்காமலே போகும்.

மணலை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். தார்ச்சாலையில் 35 பிஎஸ்ஐ (டயரின் காற்றழுத்த அலகு) வைத்து ஓட்டும் டயரை மணலில் இறங்குமுன் 18 பிஎஸ்ஐ அளவுக்குத் தளர்த்துகிறோம். தார்ச்சாலையில் அந்த அழுத்தத்தில் ஓட்டினால் டயர் அதிகமாக நசுங்கித் தடை கூடும், டயரும் சூடேறும். மணலிலோ தளர்ந்த டயர் அகலமாகப் படிந்து புதையாமல் செல்வதால் தடை குறைகிறது. முதலாவதில் நசுங்குவது டயர். இரண்டாவதில் நசுங்குவது தரை. இரண்டையும் ஒரே பெயரால் சுட்டுவதற்கு ‘உருள்தடை’ போதும். ‘உராய்வு’ இரண்டில் எதையும் சுட்டவில்லை. தார்ச்சாலையில் வண்டியின் எடையில் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு அளவே இருக்கும் இத்தடை, தளர்ந்த மணலில் பத்தில் ஒரு பங்கையும் தாண்டிவிடுகிறது. மணலில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பார்ப்பதே பயனற்றது என்று ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான்.

இனிச் ‘செல்தடை’ என்ற கூட்டுப்பெயர் உண்மையிலேயே தேவைதானா, உறுப்புகளின் பெயர்களே போதாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். மிகவும் நல்ல கேள்வி. அதற்கு விடையாக ஒரு கணக்கை வைக்கிறேன். 2,500 கிலோ எடையும், 3 சதுர மீட்டர் முகப்புப் பரப்பும், 0.45 என்ற காற்றுத்தடைக் கெழுவும் (வண்டியின் வடிவம் காற்றை எவ்வளவு எதிர்கொள்கிறது என்பதைக் காட்டும் எண்) கொண்ட பெட்டி வடிவ வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அதன் காற்றுத்தடை ஏறத்தாழ 625 நியூட்டன். உருள்தடை ஏறத்தாழ 300 நியூட்டன். 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுத்தடை 400 நியூட்டனாகக் குறைகிறது; உருள்தடை பெரிதும் மாறுவதில்லை. 70 கிலோமீட்டரை ஒட்டி இரண்டும் சமமாகின்றன. இந்த எண்களை எரிபொருளாக மாற்றும்போதுதான் கூட்டுப்பெயரின் அருமை தெரிகிறது. ஒரு நியூட்டன் தடையை 100 கிலோமீட்டர் தொலைவுக்கு வெல்ல ஒரு லட்சம் ஜூல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாஜூல் இருக்கிறது. அதில் பத்தில் மூன்று பங்கு சக்கரத்தை எட்டுகிறது என்று கொண்டால், 100 நியூட்டன் செல்தடைக்கு 100 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் டீசல் என்ற அண்ணளவான வாய்பாடு கிடைத்துவிடுகிறது. எஞ்சினின் பயனுறுதிறன் சுமைக்கேற்ப மாறும் என்பதால் இது துல்லியமான விதியாகாது. ஆனால் எந்த மாற்றம் முயன்று பார்க்கத் தகுந்தது என்று தெரிந்துகொள்ள இது போதும். வண்டியிலிருந்து 100 கிலோ பொருளை இறக்கினால் உருள்தடையில் 12 நியூட்டன் குறையும். காற்றுத்தடையைப் பத்தில் ஒரு பங்கு கூட்டும் கேரியரை 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியிலிருந்து கழற்றினால் 60 நியூட்டனுக்கு மேல் குறையும். வேகத்தை 80 ஆக்கினாலோ 200 நியூட்டனுக்கு மேல் மிச்சம். ‘செல்தடை’ என்ற ஒற்றைச் சொல் இல்லாமல் இம்மூன்றையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது.

‘ஏறுதடை’ என்பதையும் செல்தடையில் சேர்க்கலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. சொல் நன்றாகவே இருக்கிறது. மேடேறும்போது புவியீர்ப்பினால் வரும் எதிர்ப்புக்கு அதையே பயன்படுத்துவேன். ஆனால் ஏறியபோது செலவழித்த ஆற்றல் உயரமாகச் சேமிக்கப்பட்டு, இறங்கும்போது பிரேக்கை மிதிக்காத அளவுக்குத் திரும்பக் கிடைக்கிறது. காற்றுக்கும் டயருக்கும் கொடுத்தது திரும்பி வருவதே இல்லை. முடுக்கத்தின்போது நிலைமம் (இலங்கை வழக்கில் சடத்துவம்) காட்டும் எதிர்ப்பும் ஏறுதடையைப் போன்றதே. திரும்பாத இழப்புகளுக்கு மட்டும் செல்தடை என்ற பெயரை ஒதுக்கினால்தான் பெயரும் அளவீடும் ஒன்றுபடும்.

அளவிடும் முறைக்கும் ஒரு சொல் வேண்டும். காற்று வீசாத வேளையில், நீண்ட சமதரையில், வேறு வண்டிகள் இல்லாத இடத்தில், எஞ்சினை அணைக்காமல் நியூட்ரலில் விட்டு, 80 கிலோமீட்டர் வேகம் 70 ஆகக் குறைய எத்தனை நொடி ஆகிறது என்று இரு திசைகளிலும் அளந்து சராசரி காண்பது அம்முறை. மேலே சொன்ன வண்டிக்கு ஏறத்தாழ 10 நொடி ஆகும். தடை குறையக் குறைய நேரம் நீளும். இதைத் ‘தணிவோட்டச் சோதனை’ என்று அழைக்க விரும்புகிறேன். வண்டி தானாக வேகம் தணிந்து ஓடுவதை அச்சொல் கண்முன் காட்டுகிறது.

எனக்கே நிறைவு தராத சொல் ஒன்று இருக்கிறது. அதற்காகவே முதன்மையாக இம்மடலை எழுதுகிறேன். முன் ஆக்ஸிலின் ஹப்பை (சக்கரத்தை ஆக்ஸிலோடு பூட்டும் நடுப்பகுதியை) விடுவிக்காமல் இரு சக்கர இயக்கத்தில் ஓட்டும்போது, சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் உறுப்புகளான முன் டிஃபரன்ஷியலும் புரொப்பல்லர் ஷாஃப்டும் எந்தப் பயனுமின்றிச் சுழன்று எண்ணெயைக் கலக்கிக்கொண்டிருக்கின்றன; குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் புறப்பட்ட முதல் சில கிலோமீட்டர்களில் இந்த இழப்பு அதிகம். இதைச் ‘சுழல்தடை’ என்று மேலே எழுதினேன். ஆனால் ‘சுழல்’ என்பது நீர்ச்சுழல், காற்றுச்சுழல் என்று பெயர்ச்சொல்லாகவும் வழங்குகிறது. பெட்டி வடிவ வண்டியின் பின்புறத்தில் உண்டாகும் காற்றுச்சுழலே காற்றுத்தடைக்குப் பெருங்காரணமாக இருப்பதால், ‘சுழல்தடை’யை அதனோடு குழப்பிக்கொள்ளும் வாய்ப்பு மிகுதி. ‘அச்சுத்தடை’ என்று வைத்தால் அச்சிடுதலைத் தடை செய்வதாகப் பொருள்படும். ‘கடத்துதடை’ மின்கடத்தலை நினைவூட்டும். ‘பல்சக்கரத்தடை’ பேரிங்கையும் பிரேக் பேடின் உரசலையும் விட்டுவிடும். ‘உருள்தடை’யைப் போலச் சுருக்கமாகவும், எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடைப்பட்ட உறுப்புகள் அனைத்தையும் தழுவியதாகவும் ஒரு சொல் உங்களில் யாருக்கேனும் தோன்றினால், ஒரு முழு வாக்கியத்தில் பொருத்திக் காட்டி எழுதுமாறு வேண்டுகிறேன். அதுவரை கையேட்டின் அந்த இயலை எழுதாமல் வைத்திருக்கிறேன்.